மாத்திப் பாத்துடலாம் சார்!

தமிழில் மிக அதிகம் செலவு வைக்கிற வாக்கியம் எது? கல்யாண மண்டபத்தில் சொல்லப்படுவது என்று நினைப்பீர்கள். இல்லை. எல்.கே.ஜி. அட்மிஷன் கவுன்ட்டரிலும் இல்லை. அது டூ வீலர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது.

“மாத்திப் பாத்துடலாம் சார்.”

மூன்றே வார்த்தைகள். ‘மாத்தி’ என்பதற்கான பணம் உங்களுடையது. ‘பாத்துடலாம்’ என்கிற பரிசோதனை அவருடையது. ‘சார்’ மட்டும் இலவசம்.

முழுசாகச் செத்துப்போன வண்டியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. செத்த பார்ட் யோக்கியமானது. ‘நான்தான்’ என்று கையைத் தூக்கிவிடும். பிரச்னை, விட்டு விட்டு வரும் கோளாறு. சின்ன ஸ்கூட்டர், 90 சி.சி. காலையில் ஒரே உதையில் கிளம்பும். பதினைந்து நிமிடம் சமர்த்தாக ஓடும். கத்திப்பாரா பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் ஒரு டேங்கர் லாரி வந்துகொண்டிருக்கும்போது, பொசுக்கென்று ஆஃப். ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும். டாக்டர் ரூமுக்குள் நுழைந்ததும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தைபோல.

இதை வெறும் எரிச்சல் என்று ஒதுக்க முடியாது. அந்த வண்டியில் போவது யார் என்று பாருங்கள். நைட் டியூட்டி முடித்துத் திரும்பும் நர்ஸ். முன்னால் ஸ்கூல் பையும் பின்னால் பிள்ளையுமாகப் போகும் அம்மா. காலை ஏழு மணிக்குள் நாற்பது வீட்டுக்கு இட்லி மாவு போட வேண்டியவர். கார் வைத்திருப்பவருக்கு ஸ்கூட்டர் நின்றால் ஒரு ஆட்டோ செலவு. இவர்களுக்கு அரை நாள் சம்பளம். இருட்டில், நடு ரோட்டில் என்றால் உயிர்.

ஆகவே இந்த ‘மாத்திப் பாத்துடலாம்’ விஷயத்தில் கொஞ்சம் கோபப்படுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டர். பெயர் வேண்டாம். ஏ.சி. போட்ட வெயிட்டிங் ஹால், காபி மெஷின் எல்லாம் உண்டு. முதல் தடவை ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள். இரண்டு நாள் ஓடி, நின்றது. இரண்டாம் தடவை ஹெச்.டி. காயில். மூன்றாம் தடவை சி.டி.ஐ. நான்காம் தடவை பேட்டரி. ஒவ்வொரு தடவையும் டிரையல் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி அற்புதமாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் பில் வந்தது. ஐந்தாம் தடவை போனபோது, “வயரிங் கிட்டை முழுசா மாத்திப் பாத்துடலாம் சார்” என்றார்கள்.

இத்தனைக்கும் வண்டியை ஓட்டும் என் மனைவி முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தாள்: “யூ-டர்ன் அடிக்கும்போதுதான் நிக்குது.” சர்வீஸ் அட்வைசர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஜாப் கார்டில் அதற்குக் கட்டம் இல்லை. “மேடம், நீங்க சோக்கை எடுக்காம ஓட்டறீங்க” என்று அட்வைஸ் மட்டும் கொடுத்தார். பெண் வண்டியைப் பற்றிப் பேசினால் அது புகார், ஆண் பேசினால் அது தகவல் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ?

கடைசியில் தெருமுனை மெக்கானிக்கிடம் போனோம். பெயர்ப் பலகை இல்லாத ஷெட். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. “எப்ப நிக்குது? சூடானாலா? மழையிலயா? பள்ளத்துலயா? திரும்பும்போதா?” என்று கேட்டார். “திரும்பும்போது” என்றதும் வண்டியை ஸ்டாண்ட் போட்டு ஸ்டார்ட் செய்தார். ஹேண்டில்பாரை இடது பக்கம் முழுக்க ஒடித்தார். ஓடியது. வலது பக்கம் முழுக்க ஒடித்தார். நின்றது. மறுபடி செய்தார். மறுபடி நின்றது. முன் பேனலைக் கழற்றினால், ஹேண்டில் கழுத்தில் உரசி உரசித் தோல் உரிந்துபோன ஒரு ஒயர், வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் ஃபிரேமில் தொட்டுக்கொண்டிருந்தது. இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒயரை உரசாத இடத்துக்கு நகர்த்திக் கட்டினார். இருபது நிமிடம். ஐம்பது ரூபாய் கேட்டார்.

நம் ஊரில் யூ-டர்ன் என்றால் வலது பக்கம்தானே திரும்ப வேண்டும்? என் மனைவி சொன்ன ஒரு வாக்கியத்திலேயே முழு ரிப்பேரும் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா என்றால், வேண்டாம். கார்புரேட்டர் வைத்த சின்ன ஸ்கூட்டர் பலவற்றில் பொறி உண்டாகும் கதை மிகச் சின்னக் கதை. இன்ஜினோடு சேர்ந்து ஒரு காந்தச் சக்கரம் சுற்றுகிறது. அதன் அருகில் இருக்கும் காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அது சி.டி.ஐ. என்கிற கறுப்புப் பெட்டிக்குள் போய் ஒரு கெபாசிட்டரில் சேர்கிறது. சக்கரம் சரியான இடத்துக்கு வந்ததும் பிக்கப் காயில் ‘இப்போ’ என்று சொல்கிறது. சேர்ந்த மின்சாரம் ஹெச்.டி. காயிலில் மொத்தமாகக் கொட்டி, பல ஆயிரம் வோல்ட்டாகி, பிளக்கில் பொறியாகத் தெறிக்கிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் வினாடிக்கு அறுபதுக்கும் மேற்பட்ட தடவை இது நடக்கிறது. அதில் நாலைந்து தவறினாலே வண்டி இருமும். அரை வினாடி முழுக்கத் தவறினால் வண்டி துவளும். ஒயர் தொட்டபடியே இருந்தால் நின்றேவிடும்.

இன்னொரு வேடிக்கை. சாவியை ஆஃப் செய்தால் மின்சாரம் ‘கட்’ ஆகிறது என்றுதான் நினைக்கிறோம். இந்த வகை வண்டிகளில் நடப்பது நேர் எதிர். சாவி ஆஃப் ஆனதும் ஒரு ஒயர் பாடியோடு, அதாவது எர்த்தோடு, சேர்கிறது. பெட்டிக்குப் போகவேண்டிய மின்சாரம் அந்த வழியாக ஓடிவிடுகிறது. அந்த ஒயர் வழியில் எங்கே உரசித் தொட்டாலும், மழைத் தண்ணீர் ஸ்விட்சுக்குள் இறங்கி எர்த் கொடுத்தாலும், ‘யாரோ சாவியை ஆஃப் செய்துவிட்டார்கள்’ என்று வண்டி நினைத்துக்கொள்ளும். எங்கள் வண்டியில் உரசியது அந்த ஒயர்தான். சி.டி.ஐ. பெட்டியில் அந்த ஒயரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். அப்போது சாவியால் இன்ஜினை நிறுத்த முடியாது என்பதால் இதை ஷெட்டில் வைத்து மெக்கானிக்தான் செய்ய வேண்டும்.

அதைவிட வேடிக்கை பேட்டரி. இந்த வகைப் பெட்டிக்கு மின்சாரம் தருவது காந்தக் காயில். பொறிக்கும் பேட்டரிக்கும் பேச்சு வார்த்தையே கிடையாது. பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சி.டி.ஐ.யும் உண்டு, எங்கள் வண்டியில் இருந்தது அது அல்ல. ஆனாலும் பேட்டரியை மாற்றினார்கள். பல்வலிக்கு செருப்பை மாற்றுவது போல.

சரி, விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிப்பது எப்படி? தெருமுனை மெக்கானிக் கேட்ட நாலு கேள்விதான். நீங்களும் கேட்டுக்கொள்ளலாம்.

சூடானால் நிற்கிறதா? காயிலுக்குள் முடி போன்ற கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கலாம். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொள்ளும், சூட்டில் விரிந்து விலகும். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி என்று காட்டும். நின்ற நிமிடத்தில், சூட்டோடு சூடாக அளந்தால்தான் குட்டு வெளிப்படும். அதற்கான மல்ட்டிமீட்டர் சில நூறு ரூபாய்.

ஆனால் இங்கே ஒரு மோசடிப் பேர்வழி உண்டு: பெட்ரோல் டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக ஒரு சின்னத் துளை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வருவது நின்றுவிடும். பத்து நிமிடத்தில் காற்று மெள்ளக் கசிந்து உள்ளே போகும், வண்டி கிளம்பும். பார்க்க அச்சு அசல் காயில் கோளாறு. நின்ற உடனே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று போய் வண்டி கிளம்பினால் செலவு ஒரு குண்டூசி. இதைச் செய்யாமலே எத்தனை சி.டி.ஐ. பெட்டிகள் விற்றிருக்கும்!

மழையில் நிற்கிறதா? துரைசாமி சப்வே தண்ணீரில் நீந்தி வந்த வண்டியைச் சொல்லவில்லை. சின்னத் தூறலுக்கே மக்கர் செய்யும் வண்டியைச் சொல்கிறேன். பிளக் கேப்பிலோ தடித்த ஒயரிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது அந்த இடத்தில் ஸ்பிரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தெளித்தால் நீலப் பொறி வெளியே ஊர்வது தெரியும். பார்ப்பதோடு சரி, தொடக் கூடாது.

பள்ளத்தில் நிற்கிறதா? லூஸ் கனெக்‌ஷன், துருப்பிடித்த எர்த், சாவி ஸ்விட்ச். ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு ஒயர் கொத்தையும் லேசாக ஆட்டிப் பார்த்தால் போதும். பிளக் ஒயரை மட்டும் தொடாதீர்கள். சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பிள்ளையார் பொம்மை எல்லாம் சேர்த்துத் தொங்கவிட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

திரும்பினால் நிற்கிறதா? மேலே பார்த்தோம்.

இதில் எதுவும் பொருந்தாவிட்டால் நின்ற இடத்திலேயே ஒரு சோதனை. சீட்டுக்கு அடியில் ஒரு உபரி பிளக் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். துளை வழியே பெட்ரோல் ஆவி வரும். கேப்பை மட்டும் உருவி, உபரி பிளக்கில் செருகி, அதன் இரும்பு உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்து, ரப்பரைப் பிடித்துக்கொண்டு உதையுங்கள். பொறி இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் பெட்ரோல் பக்கம் சந்தேகப்படலாம். ‘சந்தேகப்படலாம்’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், வெளிக் காற்றில் பொறி தெறிப்பது சுலபம். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் தெறிப்பது கஷ்டம். “பாருங்க சார், கரண்ட் வருது” என்று மெக்கானிக் காட்டும் மஞ்சள் பொறி பாதி உண்மைதான்.

இவ்வளவுதான் விஷயம். கேட்பது, காத்திருப்பது, கோளாறைத் திரும்ப வரவழைப்பது, பிறகு கை வைப்பது. இதற்குப் பெயர்தான் ரிப்பேர். மற்றது பார்ட்ஸ் வியாபாரம்.

ஒரு நியாயமும் சொல்லிவிட வேண்டும். சி.டி.ஐ. பெட்டியைப் பிரிக்க முடியாது. உள்ளே ரெசின் ஊற்றிச் சமாதி கட்டியிருப்பார்கள். பழைய வண்டிகளில் பாயிண்ட் இருந்தது. கண்ணால் பார்க்கலாம், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். இந்தப் பெட்டி பேசாது. நல்ல பெட்டி ஒன்றைப் பொருத்திப் பார்ப்பதுதான் பெரும்பாலும் வழி. செய்யட்டும். ஆனால் ஷெட்டில் இருக்கும் நல்ல பெட்டியைப் போட்டுப் பார்த்து, கோளாறு தீராவிட்டால் கழற்றிக்கொள்வது பரிசோதனை. புதுப் பெட்டியை என் கணக்கில் போட்டு, கோளாறு தீராவிட்டாலும் அங்கேயே விட்டுவிடுவது வசூல். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். ‘எலெக்ட்ரிக்கல் பார்ட்ஸ் ரிட்டர்ன் எடுப்பதில்லை’ என்று பில்லிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்களே!

கம்பெனிகளுக்கு வருவோம். எந்தக் காயிலுக்கு எத்தனை ஓம் இருக்க வேண்டும், எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்கிற விவரமெல்லாம் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. வண்டி வாங்கும்போது நமக்குத் தருவது ‘டயரில் காற்று பாருங்கள்’ என்று சொல்லும் கையேடு. தெருமுனை மெக்கானிக் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பார்ட்ஸ் வாங்கலாம், புதுப்பேட்டையில் பழசு தேடலாம். மேனுவல் எங்கே வாங்குவார்? அவர் கையில் விவரம் இல்லாமல் வைத்துவிட்டு, ‘அங்கீகாரம் இல்லாதவரிடம் போகாதீர்கள்’ என்று பயமுறுத்துவது என்ன நியாயம்?

இது என் சொந்தப் புலம்பல் மட்டும் அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் கட்டிப்போட்டதற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்காடப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு கமிட்டி போட்டது. அதே வருடம் டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், அதற்கு இணையதளமும் திறந்தது. வாகனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல ஆரம்பம்தான். ஆனால் தெருமுனை ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உரிமை. அதுவரை அது வெப்சைட்.

“பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க சார்” என்பார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 வந்து, ஸ்கூட்டர்களில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் பல கோளாறுகளை, வந்து போன பிறகும், நினைவில் குறித்து வைத்திருக்கும். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் சாட்சியோடு பேசும் கருவியும், அந்த பாஷையும் யாரிடம் இருக்கிறது? திரும்பவும் காபி மெஷின் வைத்த ஹாலுக்குத்தான் போக வேண்டும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் பிளக்கே இல்லை. ஆனால் ஒயரும் கனெக்டரும் மழையும் பள்ளமும் அப்படியே இருக்கின்றன. அங்கே பிளக்கை வைத்துப் பொறி பார்க்கவும் வழியில்லை. வண்டி புதுசாக ஆக, ‘மாத்திப் பாத்துடலாம்’ என்பதன் விலைதான் கூடுகிறது.

கடைசியாக நம்மையும் விடப்போவதில்லை. அந்த மெக்கானிக் ஐம்பது ரூபாய் கேட்டபோது பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார்: “ஒரு டேப் சுத்தினதுக்கு அம்பது ரூபாயா?” நம் ஊர் மனசு அதுதான். 1,500 ரூபாய்க்கு ஒரு பெட்டியைக் கொடுத்தால் பேரம் பேசாமல் வாங்குவோம். கையில் கனமாக ஒரு பொருள் வந்ததே! ஒருவர் ஒரு மணி நேரம் யோசித்துக் கோளாறைக் கண்டுபிடித்தால் அது ‘சும்மா பாத்தாரு’. யோசனைக்குக் கூலி இல்லாத ஊரில் மெக்கானிக் எதை விற்பார்? பார்ட்ஸைத்தான் விற்பார். அரை நாள் செலவழித்துக் கண்டுபிடிப்பவர் பட்டினி கிடப்பார். அரை நிமிடத்தில் மாற்றுபவர் இரண்டாவது கடை திறப்பார்.

ஆகவே என் கோரிக்கைகள் நான்கு. ஜாப் கார்டில் ‘எப்போது, எங்கே, எந்த நிலையில் நின்றது’ என்று ஓட்டுபவரின் வார்த்தையிலேயே எழுத ஒரு இடம் வேண்டும். கோளாறு கண்டுபிடிக்க என்று தனிக் கட்டணம் பில்லில் வேண்டும். அதை நாம் முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டும். மாற்றிய பார்ட்டால் கோளாறு தீரவில்லை என்றால் அதைக் கழற்றிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வயரிங் படமும் அளவுகளும் வண்டியோடு சேர்ந்து, தமிழிலும் வர வேண்டும். நாலாவதைக் கம்பெனிகள் தாமாகச் செய்யாது. சட்டம் செய்ய வைக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள்: தேதி, எத்தனை நிமிடம் ஓடியது, வெயிலா மழையா, திருப்பமா பள்ளமா, எத்தனை நிமிடம் கழித்துக் கிளம்பியது. ஐந்து வரி சேர்ந்தால் பெரும்பாலும் கோளாறு தன் முகத்தைக் காட்டிவிடும்.

அந்த நோட்டை மெக்கானிக்கிடம் நீட்டுங்கள். அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு மூன்று வார்த்தை மந்திரத்தை ஆரம்பித்தால், நீங்களும் சாந்தமாக மூன்றே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்.

“பாத்துட்டு மாத்தலாம், தம்பி.”